ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்

டர்போமெஷினரிக்கு முதல் புத்தகமாக எதைக் கொடுப்பது என்று சித்தூர், மூணாறு பக்கத்து ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பலர் டிக்சனைச் சொல்வார்கள். 1966இல் வந்து இன்றும் நிற்கிற நல்ல புத்தகம்தான். ஆனால் அதன் வரிசையைப் பாருங்கள்: காஸ்கேட், அச்சுவழி டர்பைன், கம்ப்ரசர் எல்லாம் தாண்டி ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் நீர் டர்பைன் வருகிறது. குமுளி மலைப்பாதையில் லோயர் கேம்புக்கு இறங்கும் பென்ஸ்டாக் குழாய்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தான் அறிந்த இயந்திரத்துக்காக எட்டு அத்தியாயம் காத்திருக்க வேண்டுமா?

மூலமற்றத்தில் 1976 முதல் ஓடும் மின்நிலையத்தின் பெல்டன் சக்கரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அலகுகள், ஒவ்வொன்றும் 130 மெகாவாட். நீர்மட்ட உயரம் ஏறத்தாழ 660 மீட்டர். இழப்புகளை விட்டுவிட்டால் தாரையின் வேகம் நொடிக்கு சுமார் 114 மீட்டர். பக்கெட் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 52 என்று வைத்தால், ஒப்பு வேகம் 62. தாரையும் பக்கெட்டும் ஒரே திசையில் போவதால் நுழைவாயிலில் வேக முக்கோணம் வெறும் கோடாகிவிடுகிறது. கழித்தல் தெரிந்தால் போதும். ஆய்லர் சமன்பாடு முதல் வகுப்பிலேயே பிடிபடும். பிறகு பிரான்சிஸ் டர்பைனுக்குப் போனால் அந்தக் கோடு முக்கோணமாக விரிவதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

ஆகவே டிக்சனை வாங்கட்டும். முதல் இரண்டு அத்தியாயம் முடித்து நேரே ஒன்பதுக்குப் போகட்டும். ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்து மிரட்டினால், நீரியல் இயந்திரங்களுக்கென்றே நம் நாட்டில் எழுதப்பட்ட ஜகதீஷ் லால் போன்றவர்களின் நூல் முதலில் இருக்கலாம். யாஹ்யாவின் நூல் அடுத்த பருவத்துக்கு.

நூல் மாறும்போது கோணத்தைக் கவனியுங்கள். நீர் இயந்திர நூல்கள் பெரும்பாலும் தொடுகோட்டிலிருந்து அளக்கின்றன. டிக்சன் அச்சுவழி இயந்திரங்களில் அச்சுத் திசையிலிருந்து அளக்கிறார். என்னிடம் படித்த தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி, 70 பாகைக்கு சைன் போட வேண்டிய இடத்தில் பழக்கத்தால் கொசைன் போட்டுவிட்டாள். 0.94 வர வேண்டியது 0.34 ஆனது. வேலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க, தனக்குப் பாடமே புரியவில்லை என்று அழுதாள். புரிந்துதான் இருந்தது, புத்தகம் மாறியதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது முதல் நாளே இரண்டு படங்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிடுகிறேன்.