கேடயம் இம்முறை எவர்க்கு?

கண்டியில் வாழும் நம் பழைய மாணவர் இருவர் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாயிலிற் சந்திப்பாராயின், முதலிற் குடும்ப நலம் விசாரிப்பர். அடுத்து, பாடசாலைப் பந்தயக் காலம் அண்மித்துவிட்டதெனின், றகரைப் பற்றியே பேசுவர். நாம் கல்லூரியில் உதைத்தது உருண்டைப் பந்து. முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும் உதைபந்தாட்டத்தின் ஒரு கிளையே என்பதை, மலைநாட்டுக்கு உத்தியோகம் பார்க்கவோ வியாபாரம் செய்யவோ வந்த பின்னரே அறிந்தோம். ஆயினும், வந்த இரண்டாம் ஆண்டிலேயே பிராட்பிக் கேடயத்தைப் பற்றி அபிப்பிராயம் கூறத் தொடங்காத நம்மவர் எவரையும் நாம் கண்டதில்லை. கண்டியிற் குடியிருந்துகொண்டு கொழும்பு றோயலுக்குக் கைதட்டுவதும் எளிதன்று.

இவ்வாட்டத்திற்கு இந்நகரிற் பழம்பெருமை உண்டு. திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான எல். இ. பிளேஸ் 1891ஆம் ஆண்டிற் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தாபித்து, அங்கே றகரையும் புகுத்தினார். 1906ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் தேதி போகம்பரை மைதானத்திற் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் சந்தித்தன. இலங்கையில் இரு பாடசாலைகள் தம்முள் ஆடிய முதல் றகர்ப் பந்தயம் அதுவே. இரு பக்கமும் ஆறு புள்ளிகள் பெற்று, வெற்றி தோல்வியின்றிப் பிரிந்தன. றோயல் கல்லூரி அதிபராயிருந்த பிராட்பி அவர்கள் வழங்கிய கேடயத்திற்காகத் திரித்துவமும் றோயலும் மோதத் தொடங்கியது 1945இல். புனித அந்தோனியார், தர்மராஜ, வித்தியார்த்த ஆகிய கல்லூரிகளின் குழுக்களுக்கும் அபிமானிகள் பலர் உளர்; எனினும் நகரம் முழுவதையும் பேச வைப்பது அக்கேடயமே.

வரும் பருவத்தை மதிப்பிடும் அன்பர்கள் மூன்று வினாக்களைக் கேட்பர். சென்ற ஆண்டு வர்ணம் பெற்றோருள் எத்தனைபேர் எஞ்சியுள்ளனர்? முன்னணி எண்மரின் நிறை எவ்வளவு? பயிற்சியாளர் எவர்? இவற்றுள் நிறையைப் பற்றிய வினாவே மிகப் பழையது. மிகக் குறைந்த பயனுடையதும் அதுவே. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர்க்கென உலக றகர்ச் சபை வகுத்த விதியின்படி, ஸ்க்ரத்தில் எதிர்ப்பக்கத்தாரை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளலாகாது. இளங்கழுத்துகளைக் காக்கவே அவ்விதி எழுந்தது. மலைபோன்ற எண்மர் எதிரிகளைக் கோடுவரை தள்ளிச் செல்வார்கள் என்று கனவு காண்போர் இதனை மறந்துவிடுகின்றனர். மோலில் நிறைக்குப் பயன் உண்டு, அதனை மறுக்கவில்லை. ஆனால் ஸ்க்ரத்திலிருந்து வெளிவந்த பந்து எவர் கைக்குச் செல்கின்றது, அவர் அதனை என் செய்கின்றார் என்பதிலேதான் ஆட்டம் தங்கியுள்ளது. கிங்ஸ்வூட் கல்லூரியிலிருந்து வந்து கண்டிக் கழகத்துக்கும் இலங்கைக்கும் ஆடிய பாசில் மரிஜா இந்நகரின் நினைவில் நிலைத்திருப்பது பத்தாம் இலக்கச் சட்டையிலே நின்று ஆட்டத்தை நடத்தியதனால் அன்றோ? ஆதலின் எண்மரின் கிலோக் கணக்கைக் கேட்குமுன், பத்தாம் இலக்கத்திற்கு எவர் வருகின்றார், அவர் இரு காலாலும் உதைப்பாரா என்று கேட்டல் தகும்.

உதைப்பதைப் பற்றி இன்னொன்று. பிராட்பிக் கேடயம் ஓர் ஆட்டத்தில் தீர்வதன்று. கொழும்பில் ஒன்றும் கண்டியில் ஒன்றுமாக இரண்டு ஆட்டங்களின் மொத்தப் புள்ளிகளே அதனைத் தீர்க்கும். இந்த எளிய கணக்கை அறிந்திருந்தும் அன்பர்கள் மைதானத்தில் அதனை மறந்துவிடுகின்றனர். முதலாட்டத்திற் பத்துப் புள்ளிகள் பின்தங்கி நிற்கும் குழு, கடைசி நிமிடத்தில் தண்டனை உதையைக் கோலுக்கு அடித்து மூன்று புள்ளி பெற முனைந்தால், “தோற்ற ஆட்டத்தில் எதற்கு உதை?” என்று கூவுகின்றனர். அம்மூன்று புள்ளிகள் பத்தை ஏழாக்கும். ஏழென்பது ஒரு ட்றையும் அதன் மேலதிக உதையும். அடுத்த ஆட்டத்தில் ஒரே ஓட்டத்தில் மீட்கத்தக்கது. கூவலுக்கு அஞ்சி அவ்வுதையைக் கைவிட்டு, ட்றைக்கு முயன்று பந்தையும் இழக்கும் தலைவனை நாம் குறை கூறோம். பதினெட்டு வயதுப் பிள்ளை அவன். கூவியவர்க்கோ வயது ஐம்பது.

இனி, எவரும் கேளாத வினா. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. அக்காலத்திற் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினராயிருந்த சிறுவர்கள், எதிரியை எவ்வாறு பிடித்து வீழ்த்துவது, வீழும்பொழுது தலையை எப்பக்கம் வைப்பது என்பவற்றைப் பழகவேண்டிய பருவத்தில் வீட்டிலே அடைந்திருந்தனர். வெளியே வந்ததும் 2022ஆம் ஆண்டின் நெருக்கடி. பயிற்சிக்குச் செல்ல எரிபொருள் இல்லை, முட்டையும் பாலும் எட்டா விலைக்கு ஏறின. அச்சிறுவர்களே பின்னர் முதற்குழுவுக்கு வந்து சேர்ந்தோர். பரீட்சையோ முன்னர் ஓகஸ்டில் நடந்தது, 2020 முதல் மாதம் மாறி மாறி வந்து, பயிற்சிக்கும் படிப்புக்கும் வகுத்த நேரசூசியைக் குழப்பியது. றோயலுக்கும் இவையெல்லாம் பொது என்பர். உண்மை. ஆகையால் எப்பக்கம் மேலோங்கும் என்பதைப் பதினைவரைக் கொண்டு சொல்லுதல் இயலாது; பதினாறாம் ஆளிலிருந்து எண்ணவேண்டும். களைத்த கால்கள் பிடிதவறும் கடைசி இருபது நிமிடத்தில் உள்ளே இறக்குவதற்கு எவர் உளர்? இரண்டாங் குழுவின் ஆட்டத்தை ஒருநாளாவது பார்த்தவர் இதற்கு விடை சொல்லலாம். அவ்வாட்டங்களுக்குக் கூட்டம் இல்லை. பெற்றோர் சிலரும் வீதியாற் செல்வோர் சிலருமே நிற்பர். நம் கல்லூரியின் உதைபந்தாட்டத்திலும் இதே வழக்கந்தான். முதற்குழுவின் பதினொருவரைப் பெயர் பெயராகச் சொல்லும் பழைய மாணவர், பதினைந்து வயதுக்குட்பட்ட குழுவிற் கோல் காப்பவன் எவன் என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பர்.

தலையில் அடிபட்ட பையனைப் பற்றியும் சொல்லவேண்டும். அடிபட்டவன் எழுந்து தள்ளாடி நின்றதும் கைதட்டி, “விடாதே, ஆடு!” என்று ஊக்குவது இங்குப் பெருவழக்கு. மூளையதிர்ச்சி என ஐயுற்றாலே ஆட்டக்காரனை உடனே வெளியேற்றுக என்பது உலக முழுவதற்கும் உரிய விதி. வைத்தியர் கை காட்டி அழைக்கும்பொழுது பயிற்சியாளர் இசைந்தாலும் கூட்டம் இசைவதில்லை. மாற்றாளை நம்பாத கூட்டமே அடிபட்டவனை வெளியே விட அஞ்சும்.

எமது கணிப்பு இதுவே: முன்னணியின் நிறையால் இம்முறை எவரும் வெல்லப்போவதில்லை. முதலாட்டம் எவ்வூரில் நடப்பினும், திரித்துவம் அதில் ஏழு புள்ளிக்குள் நிற்குமாயின் கேடயம் எட்டும் தூரத்திலேயே இருக்கும். இருபதுக்கு மேற் பின்தங்கினால், அதன் இரண்டாங் குழு எத்தகையதென்று தெரிந்தவர் மட்டும் நம்பிக்கை வைக்கலாம். அதனை அறிய விரும்புவோர் ஒரு மாலை ஒதுக்கி அவ்விளையோரின் ஆட்டத்தைப் பார்த்து வருக. குடையை மறவற்க, பருவமழை பிற்பகலிலேதான் இறங்கும்.