நாற்றுக்குத் தவணை தெரியாது

"மேன்முறையீடு முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பது சட்டத்தரணிக்குச் சரியான பேச்சாக இருக்கலாம். வயல்காரனுக்குச் சரிவராது. காவிரி வழக்கைப் பாருங்கள்.

காவிரி நடுவர் மன்றம் 2007 பெப்ரவரியில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. அதை எதிர்த்த மேன்முறையீடுகள் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2018 பெப்ரவரியில்தான் முடிந்தன. பதினொரு வருடம்! அதற்குள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எத்தனை விதைப்பு வந்து போயிருக்கும்?

2016 இல் மழை குறைவு. வழக்கமாக ஜூன் 12 இல் திறக்கும் மேட்டூர் அணை செப்டெம்பர் 20 இல்தான் திறந்தது. அணைத் தண்ணீரை நம்பிய குறுவை போயிற்று. சம்பாவையாவது காக்க வேண்டும். மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள் தண்ணீர் விடும்படி செப்டெம்பர் 5 இல் நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கட்டளையிட்டது. ஒரு வாரத்தில் அது 12,000 ஆகியது. அன்று பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. மண்டியா விவசாயியின் பயிரும் வாடித்தான் நின்றது. அதை நாம் மறைக்கக் கூடாது.

என்றாலும் அந்தக் கட்டளை நியாயமானதே. 2018 தீர்ப்பில், கர்நாடகம் எல்லையில் விடவேண்டிய நீர் 192 இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). கூடுதலாகப் போன தண்ணீரை அடுத்த வருடம் கழிக்கலாம். கருகிய நாற்றை எந்தத் தீர்ப்பில் கழிப்பது?

காணி வழக்கோ வாய்க்கால் வழக்கோ உள்ளவர்கள், "இந்தப் போகத்துக்கு இடைக்காலக் கட்டளை கேட்டாயிற்றா?" என்று சட்டத்தரணியிடம் முதலில் விசாரியுங்கள்.