ஊடகக் கழகத்துக்கு எந்தக் கமரா?

சென்ற தவணை விற்பனைச் சந்தையில் எங்கள் ஊடகக் கழகம் வட்டிலப்பமும் சர்பத்தும் விற்றுச் சேர்த்த பணம் இன்னும் பொறுப்பாசிரியையின் கையில்தான் இருக்கிறது. பழைய மாணவிகள் சிலர் தருவதாகச் சொன்ன தொகையையும் அதனோடு சேர்த்து ஒரு கமரா வாங்குவதென்று முடிவாகி இரண்டு மாதமாகிறது. கமரா வந்தபாடில்லை. கழகம் இரண்டாகப் பிரிந்து நிற்பதுதான் காரணம். ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். ஒன்றுதான் வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். பைக்குள் அடங்கும் சிறிய கமரா போதும் என்கிறார்கள் மற்றவர்கள். நான் முதலில் டி.எஸ்.எல்.ஆர். பக்கம் இருந்தேன். இப்போது மாறிவிட்டேன். கட்சி தாவியவள் என்று தோழிகள் கேலி செய்வதால், ஏன் மாறினேன் என்பதை எழுதியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பெற்றோரும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு "வாப்பா, எனக்கொரு கமரா" என்று கேட்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் இது பயன்படக்கூடும்.

(கமரா என்றதும் இப்னு ஹைதமைக் குறிப்பிடாமல் நம் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளிவருவது கடினம். 11ஆம் நூற்றாண்டிலேயே தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில், சிறு துவாரத்தினூடாக இருண்ட இடத்துக்குள் நுழையும் ஒளியை அவர் ஆராய்ந்தார். 'கமரா' என்ற இலத்தீன் சொல்லுக்கும் அறை என்றுதான் பொருள். இத்தோடு அந்தக் கடமையை முடித்துக்கொள்கிறேன்.)

"போன் இருக்கும்போது கமரா எதற்கு?" என்று என் உம்மாவே கேட்டார். மாணவிகள் பாடசாலைக்குத் தொலைபேசி கொண்டுவர முடியாது. ஆகவே நம் நிகழ்ச்சிகளின் படங்களெல்லாம் ஆசிரியைகளின் தொலைபேசிகளில்தான் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு வட்ஸ்அப் குழுமம், அதிலிருந்து இன்னொன்று. மேடையில் பரிசு வாங்கும் ஒரு பிள்ளையின் முகம் எத்தனை பேரின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. பாடசாலைக்கென்று ஒரு கமரா இருந்தால் அதன் மெமரி காட் அலுவலகத்தைவிட்டு வெளியே போகவேண்டியதில்லை. வெளியிலிருந்து படப்பிடிப்பாளரை அழைக்கும் தேவையும் குறையும். இதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

முதலில் டி.எஸ்.எல்.ஆர். காரர்களின் நியாயத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடப் பரிசளிப்பு விழாவில் யாரோ ஒருவரின் மலிவான சிறிய கமராவால் எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்டபத்தில் மஞ்சள் வெளிச்சம். மேடையில் இருப்பவர்களின் முகங்கள் ஈரத்தில் நனைந்த ஓவியம்போல் கரைந்திருந்தன. பிளாஷ் முன் இரண்டு வரிசையிலிருந்தவர்களின் முந்தானைகளுக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்தது. மூன்று வருடம் உழைத்து மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்ற என் வகுப்புத் தோழிக்கு அந்த நாளின் நினைவாக எஞ்சியிருப்பது, கை எது கேடயம் எது என்று பிரித்தறிய முடியாத ஒரு படம்தான். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது ஏன் நடக்கிறது? கமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சர் என்றொரு பகுதி இருக்கிறது. கெனன் நிறுவனத்தின் ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் அது ஏறத்தாழ 22.3 மி.மீ. நீளமும் 14.9 மி.மீ. அகலமும் கொண்டது. மலிவான சிறிய கமராக்களில் 6.2 மி.மீ., 4.6 மி.மீ. அளவில்தான் இருக்கும். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், சுமார் 12 மடங்கு வித்தியாசம். மழைக்கு முற்றத்தில் அண்டாவை வைப்பதற்கும் அரிசி அளக்கும் சுண்டை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மழை கொட்டும்போது, அதாவது நல்ல வெயிலில், சுண்டும் நிரம்பிவிடும். தூறலில்தான் அண்டாவின் அருமை தெரியும். நமது மண்டபத்தில் எப்போதும் தூறல்தான்.

இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டி.எஸ்.எல்.ஆர். பக்கம் கை உயர்த்தினேன். அதன்பின் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது.

அன்று ஒரு பழைய மாணவி தமது டி.எஸ்.எல்.ஆரை எங்களுக்கு இரவல் தந்தார். விலை உயர்ந்த பொருள் என்பதால் ஒருவர் மட்டுமே கையாள வேண்டும் என்று நிபந்தனை. அதில் தவறில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கழகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அதை இயக்கத் தெரியும். காலை முழுதும் அவள் அதைக் கழுத்தில் சுமந்துகொண்டு நின்றாள். லென்ஸோடு சேர்த்தால் இவ்வகைக் கமராக்கள் 650 கிராமுக்கு மேல் வரும். பங்குனி வெயிலில் அது இரண்டு கிலோவாகக் கனக்கும். நண்பகலில் தலைவலி வந்து அவளுடைய உம்மா அழைத்துக்கொண்டு போய்விட்டார். கமரா பைக்குள் போயிற்று. உடற்பயிற்சிக் கண்காட்சியும் அஞ்சலோட்ட இறுதிப் போட்டியும் பிற்பகலில் நடந்தன. அந்தப் பையைத் தொட எங்களில் ஒருத்திக்கும் துணிவில்லை.

அதே நாளில் தரம் 9 பிள்ளை ஒருத்தி, அனுமதி பெற்று, தன் வாப்பாவின் பழைய சிறிய கமராவைக் கொண்டுவந்திருந்தாள். 140 படங்கள் எடுத்திருந்தாள். அவற்றில் நூறு உதவாது, பாதி ஆடிப்போனவை, பாதி யாருடையவோ முதுகு. மீதி நாற்பதைப் பார்த்து நாங்கள் வாயடைத்துப் போனோம். கூடாரத்துக்குள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி தேம்பும் தோற்ற இல்லத்து மாணவி. வெற்றியறிவிப்பைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் இரண்டு ஆசிரியைகள். பெரிய கெத்தலைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடக்கும் சிற்றுண்டிச்சாலை மாமி. அந்த மாமியை இந்தப் பாடசாலையில் இதற்குமுன் யாரும் படமெடுத்ததில்லை என்று நினைக்கிறேன். அந்தப் படங்களில் நான்கு இந்த இதழின் நடுப்பக்கத்தில் வருகின்றன.

அன்றுதான் எனக்கு உறைத்தது. நம் பாடசாலைக்குப் பற்றாக்குறையாக இருப்பது படமெடுக்கத் தெரிந்த பிள்ளைகள். ஒரு டி.எஸ்.எல்.ஆர். வந்தால் அந்த எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். கைமாற்றிக் கைமாற்றிப் பழகக்கூடிய ஒரு சிறிய கமரா வந்தால் வருட முடிவில் பதினைந்து பேராவது தேறுவார்கள்.

டி.எஸ்.எல்.ஆர். பற்றி விற்பனையாளர் சொல்லாத இன்னொரு விடயமும் உண்டு. அதனோடு கூடவே வரும் 18-55 மி.மீ. லென்ஸ் அவ்வளவு தூரம் கிட்ட இழுக்காது. 35 மி.மீ. பிலிம் கணக்கில் சொன்னால் அதன் எல்லை சுமார் 88 மி.மீ. 2010இல் வந்த கெனன் பவர்ஷொட் எஸ்95 என்ற சிறிய கமராவின் எல்லை 105 மி.மீ. மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடையை நெருங்கிப் பிடிக்க, பெரியதைவிடச் சிறியது சற்று மேல்! டி.எஸ்.எல்.ஆரில் மேலும் நெருங்க வேண்டுமானால் இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டும். மங்கிய வெளிச்சத்துக்கு ஏற்ற 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அற்புதமானது, அதுவும் தனியாகத்தான் வாங்க வேண்டும். புதிய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றின் விலை இலட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. இந்தச் சில்லறைகளையெல்லாம் சேர்த்தால் நாங்கள் இன்னும் மூன்று சந்தைகளில் வட்டிலப்பம் விற்க வேண்டும்.

சிறிய கமரா என்று நான் சொல்வது பரிசளிப்பு விழாவைக் கெடுத்த அந்த வகையை அல்ல. எல்லாவற்றையும் தானே தீர்மானித்துக்கொண்டு நம்மைப் பொத்தான் அழுத்த மட்டும் விடும் கமராவில் எதையும் கற்க முடியாது. மேலே சொன்ன எஸ்95, அதன்பின் வந்த எஸ்100, எஸ்110, எஸ்120 போன்றவற்றின் தலையில் ஒரு சுழலி இருக்கிறது. அதில் எம் என்ற எழுத்துக்குத் திருப்பினால் துவாரத்தையும் ஷட்டர் வேகத்தையும் நாமே தீர்மானிக்கலாம். (ரி.வி. என்று எழுதியிருப்பது தொலைக்காட்சி அல்ல, நேரத்தைக் குறிப்பது. நான் ஒரு வாரம் அதைத் தொடாமலே இருந்தேன்.) டி.எஸ்.எல்.ஆரில் படிக்கும் அடிப்படைப் பாடம் முழுவதையும் இதிலேயே படித்துவிடலாம். எஸ்95இன் சென்சரும் மலிவான வகையினதைவிடப் பெரியது. லென்ஸை விரிகோணத்தில் வைத்தால் எஃப் 2 வரை திறக்கும். டி.எஸ்.எல்.ஆரின் சாதாரண லென்ஸ் அதே நிலையில் எஃப் 3.5 தான். இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும், ஆகவே சிறியதன் லென்ஸ் மூன்று மடங்கு ஒளியை உள்ளே விடும். மேடைக்கு அருகில் போய் நின்று எடுத்தால் சென்சர் வித்தியாசத்தில் ஒரு பங்கை இப்படி ஈடுகட்டலாம். பெண்கள் பாடசாலையில் மேடையருகே போக மாணவிகளுக்கு யார் தடை?

அதில் 10 மெகாபிக்ஸல்தானே என்று ஒரு தோழி முகம் சுளித்தாள். 3648க்கு 2736 புள்ளிகள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை என்று வைத்தால் 12 அங்குலத்துக்கு 9 அங்குலம். ஏ4 தாள் அதற்குள் அடங்கிவிடும். நமது சஞ்சிகை அதைவிடச் சிறியது.

குறைகளை மறைக்கவில்லை. இவற்றில் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை, நண்பகல் வெயிலில் திரை கறுத்துப்போகும். ஒரு பற்றரி சுமார் 200 படங்களுக்குத்தான் தாங்கும், மேலதிகமாக ஒன்று வேண்டும். கடற்கரைச் சுற்றுலாவில் மணல் புகுந்தால் நீண்டு சுருங்கும் லென்ஸ் அப்படியே இறுகிவிடும். ஓட்டப்பந்தயத்தின் முடிவுக் கோட்டில் டி.எஸ்.எல்.ஆரின் வேகம் இதற்கு வராது. இப்போது இவை பாவித்த பொருளாகத்தான் கிடைக்கும். பழைய சிறிய கமராக்கள் மீது இளையோருக்கு மீண்டும் ஆசை வந்திருப்பதால் விலையும் ஏறியிருக்கிறது. இருந்தும் நாங்கள் விசாரித்த அளவில், புதிய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றின் விலைக்கு இரண்டு வாங்கலாம். பரிசளிப்பு விழா வருடத்தில் ஒரு நாள். அன்றைக்கு மட்டும் அந்தப் பழைய மாணவியிடம் மீண்டும் இரவல் கேட்போம், அவரையே வந்து எடுத்துத் தரும்படி.

இனி வீட்டுக் கதை. என் ராத்தா உயர்தரம் எழுதியதும் கட்டாரிலிருந்து வாப்பா ஒரு டி.எஸ்.எல்.ஆர். கொண்டுவந்தார். மூன்று மாதம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். பூனை, ரம்புட்டான் மரம், பெருநாள் சாப்பாட்டு மேசை, எதையும் ராத்தா விடவில்லை. பிறகு ஒவ்வொரு பயணத்திலும் "அதைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது" என்றாயிற்று. பத்திரமாக உறையிலிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பூட்டியதுதான் பிழை. இரண்டு மாரி கழித்துத் திறந்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் வெண்மையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நம் நாட்டு ஈரக் காற்றில், இருட்டில், துணியுறைக்குள் கிடக்கும் கண்ணாடிக்கு அதுதான் கதி. அடிக்கடி வெளியில் எடுத்துப் பாவிப்பதும், சிலிக்கா ஜெல் பொதிகளோடு இறுக்கமான பெட்டியில் வைப்பதுமே பாதுகாப்பு. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதன் விலை அவருடைய எத்தனை நாள் சம்பளம் என்று ராத்தாவுக்கும் எனக்கும் தெரியும்.

பாடசாலை அலுமாரிகளும் நம் வீட்டு அலுமாரிகளைப் போன்றவையே. விலை உயர்ந்த பொருளுக்குப் பூட்டுத்தான் முதலில் தேடப்படும்.

ஆனாலும் ஒரு பிள்ளைக்கு டி.எஸ்.எல்.ஆர். வாங்கிக் கொடுப்பது வீண் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊர்க் கலியாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் படமெடுக்கப் பெண்களைத்தான் தேடுகிறார்கள், எளிதில் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்தபடியே கௌரவமாகச் செய்யக்கூடிய தொழில் அது. அதற்குச் சிறிய கமரா போதாது. பெற்றோரிடம் நான் கேட்பதெல்லாம், மகள் சிறியதொன்றால் ஒரு வருடம் எடுக்கட்டும், "இதில் இன்னது முடியவில்லை" என்று அவளே காட்டிச் சொல்லட்டும், அப்போது வாங்குங்கள் என்பதே. அப்போதும் பாவித்த உடலும் 50 மி.மீ. லென்ஸுமே அவளுக்கு அதிகம் உதவும்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி எழுப்பிய கேள்வி என்னைச் சற்று நேரம் மடக்கியது. "பெரிய கமரா வருவது எல்லோருக்கும் தெரியும். படம் வேண்டாம் என்பவள் விலகிவிடலாம். சின்னது கைக்குள் மறைந்துவிடுமே?" உண்மைதான். படமெடுக்கப்படுவதை விரும்பாத மாணவிகள் நம்மிடையே இருக்கிறார்கள், அந்த விருப்பத்தைக் காப்பது கழகத்தின் முதல் வேலை. அந்தத் தரம் 9 பிள்ளை இதை எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டேன். எடுத்ததும் திரையை அவர்களிடமே காட்டினாளாம். வேண்டாம் என்றால் அவர்கள் கையாலேயே அழிக்கவிட்டாளாம். அந்தத் தேம்பும் மாணவி முதலில் அழிக்கச் சொல்லி, பிறகு சிந்தித்து, வேண்டாம் இருக்கட்டும் என்றாளாம். இதையே கழகத்தின் விதியாக எழுதலாம். கமராவுக்குச் சிவப்பு நிறக் கைப்பட்டி போடலாம், தூரத்திலிருந்தே தெரியும். காட்டை அன்று மாலையே பொறுப்பாசிரியையிடம் ஒப்படைக்க வேண்டும். இவை பெரிய கமரா வந்தாலும் தேவைப்படும் விதிகளே.

அடுத்த செவ்வாய் மீண்டும் கூட்டம். டி.எஸ்.எல்.ஆர். தோழிகளிடம் ஒரு வேண்டுகோள்: இரவல் கிடைத்தால் அதைக் கொண்டுவாருங்கள். நான் அந்தத் தரம் 9 பிள்ளையையும் அவளுடைய வாப்பாவின் கமராவையும் அழைத்து வருகிறேன். மண்டபத்து விளக்குகளைப் போட்டு, மேடையில் ஒருத்தியை நிறுத்தி, முன்னிருந்தும் பின்வரிசையிலிருந்தும் இரண்டாலும் எடுத்துப் பார்ப்போம். கழகத்திலுள்ள ஒவ்வொருத்தியும் இரண்டையும் ஒரு தரமாவது கையில் வாங்க வேண்டும். மேடையில் கேடயத்தோடு நிற்க என் வகுப்புத் தோழி சம்மதித்துவிட்டாள்.