ஏ.பி.எஸ். யூனிட்: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

நமது சங்கத்தில் அரிசி, பருப்பு, ஜவுளி வணிகர்களே அதிகம். பிரேக் பாகத்தைப் பற்றி நமது இதழில் எதற்கு எழுத வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்கலாம். மலையிலிருந்து காய்கறி மூட்டை இறங்குவதும், மளிகைச் சரக்கு மலைக்கு ஏறுவதும் பெரும்பாலும் ஜீப்பில்தான். அந்த ஜீப்பின் பிரேக்கை நம்பித்தான் நமது சரக்கும் அதை ஓட்டி வரும் பையனின் உயிரும் இருக்கின்றன. அதோடு, உதிரிபாகக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இந்த ஒரு பாகத்தால் வரும் நஷ்டமும் மனஸ்தாபமும் கொஞ்சநஞ்சமல்ல.

நடந்ததையே சொல்கிறோம். ஒரு மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு கேரட் வியாபாரி நமது கடைக்கு வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். மீட்டர் போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை. "யூனிட் போச்சு, மாத்தணும்" என்று மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தார். நாமும் மறுபேச்சில்லாமல் 38,000 ரூபாய்க்குப் புது யூனிட் வரவழைத்துக் கொடுத்தோம். மாட்டி ஒரு வாரம் ஆகவில்லை, மறுபடி விளக்கு எரிந்தது. வேறொரு பட்டறையில் ஸ்கேனர் போட்டு, சக்கரம் சக்கரமாகச் சோதித்துப் பார்த்தால், பின் இடது சக்கரத்தின் சென்சார் ஒயர் கல் பட்டு உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. சமதரையில் ஒட்டிக்கொண்டிருக்கும், பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் விட்டுவிடும். ஒயரோடு சேர்த்து சென்சாரின் விலை 2,200 ரூபாய்.

வியாபாரி யூனிட்டைத் திருப்பித் தர வந்தார். எலக்ட்ரிக்கல் சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது என்று நமது பில்லிலேயே அச்சடித்திருக்கிறோம். மொத்த விற்பனையாளரும் கைவிரித்துவிட்டார். கடைசியில் பாதித் தொகையை நாம் ஏற்றோம், மீதி அவர் தலையில். சட்டப்படி நமது பேரில் தப்பில்லை. ஆனால் அவர் அதற்குப் பிறகு நமது கடைப் படி ஏறவில்லை. ஒரு வார்த்தை, "ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே?" என்று நாம் கேட்டிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

விஷயம் இதுதான். ஏ.பி.எஸ். என்பது ஒரே பெட்டி அல்ல. சக்கரத்துக்கு ஒரு சென்சார், அது படிக்கும் பல் வளையம், கணக்குப் போடும் எலக்ட்ரானிக் போர்டு, பிரேக் ஆயிலை அடைத்துத் திறக்கும் வால்வுகள், ஒரு மோட்டார் பம்ப் எல்லாம் சேர்ந்ததுதான் அது. நாம் யூனிட் என்று விற்பது கடைசி மூன்றையும் சேர்த்த கட்டியை. சேற்றிலும் கல்லிலும் ஓடும் வண்டியில் முதலில் அடிபடுவது வெளியே இருக்கும் சென்சார், ஒயர், கனெக்டர், பல் வளையம்தான். வீல் பேரிங் ஆட்டம் கண்டாலே சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறி விளக்கு எரியும். முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு என்று டயர் போட்டாலும் எரியலாம். இவற்றையெல்லாம் பார்க்காமல் கட்டியை மாற்றச் சொல்வது, தலைவலிக்குத் தலையை மாற்றுகிற கதை.

யூனிட்டே போய்விட்டது என்று உறுதியானால் என்ன செய்வது? இங்கே நமது கருத்தைத் தயங்காமல் சொல்கிறோம். போர்டில் ஈயப் பற்று விட்டுப்போயிருந்தால் தெரிந்தவர் கையில் பழுது பார்க்கலாம். பல யூனிட்டுகளில் ஆயில் குழாயைத் தொடாமலே போர்டை மட்டும் தனியே கழற்ற முடிகிறது. அதற்கென்றே நல்ல பட்டறைகள் வந்துவிட்டன. ஆனால் வால்வு கசிந்து பெடல் மெல்ல மெல்ல உள்ளே போகிறது என்றால், அந்தக் கட்டியைப் பிரித்து ஒப்பேற்றும் வேலை வேண்டாம். மாற்றுவதுதான் முறை. சிக்கனம் பார்க்கிற இடம் அது அல்ல.

விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் அது ஓரளவு உண்மை. அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால், பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றிருக்கலாம், ஆயிலும் குறைந்திருக்கலாம். ஈரச் சாலையில் கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. சில பட்டறைகளில் எஃப்.சி.க்குப் போகுமுன் விளக்கின் இணைப்பையே துண்டித்து அனுப்புகிறார்களாம். அதற்கு நமது உறுப்பினர் யாரும் பல்பு ஹோல்டர்கூட விற்க வேண்டாம்.

சின்ன பாகத்துக்காகப் பெரிய பாகத்தை விற்கிற வழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. 1998 முதல் 2004 வரை வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி இரண்டாம் மாடலில் ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன், மலை இறக்கக் கட்டுப்பாடு ஆகிய மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிவது பெயர் போன வியாதி. பல வண்டிகளில் காரணம், மாடுலேட்டரில் உள்ள ஷட்டில் வால்வு சுவிட்ச் என்னும் சிறு பாகம். ஆரம்பத்தில் அது தனியாகக் கிடைக்காது, முழு மாடுலேட்டரையே வாங்க வேண்டும். பின்னர் கம்பெனியே அந்த சுவிட்சைத் தனிப் பாகமாக விற்பனைக்கு விட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் கட்டுப்படுத்தினார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்பது வேறு விஷயம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு. ஆனாலும் போர்டு தனியே, மோட்டார் தனியே கேட்டால் பல கம்பெனிகளின் பட்டியலில் முழு யூனிட்டின் நம்பர் மட்டும்தான் இருக்கிறது.

பழைய யூனிட் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுப்பேட்டையில் பார்வைக்கு ஒரே மாதிரி பத்து யூனிட் கிடைக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் பாகத்தின் நம்பர் மாறினால் உள்ளே இருக்கும் புரோகிராம் வேறாக இருக்கலாம். நம்பர் ஒத்துப்போகாத யூனிட்டை "மாட்டிப் பாருங்க" என்று கொடுக்கக் கூடாது. மோதி நொறுங்கிய வண்டியிலிருந்தோ வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்தோ வந்த சரக்கு என்றால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது முறை. எதை மாட்டினாலும், பம்பையும் வால்வையும் ஸ்கேனரால் இயக்கிக் காற்றெடுக்க வேண்டிய வண்டிகள் பல உண்டு. அந்த வசதி இல்லாத பட்டறைக்குச் சரக்கை அனுப்பினால் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது என்று மறுநாளே போன் வரும்.

புதிய மாடல் கார், ஜீப்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அந்த வண்டிகள் வாரண்டி முடிந்து நம் கடைகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று ஒரே சீராக்கப்பட்டதில் 28 சதவீதத்தில் இருந்த பாகங்களின் வரிச் சுமை குறைந்ததும் உண்மை. ஆகவே இந்த வியாபாரம் பெருகத்தான் போகிறது.

நாம் கேட்பது இரண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டும் சென்சார் சோதித்த விவரமும் இல்லாமல் யூனிட் விற்பதில்லை என்று உதிரிபாகப் பிரிவு முடிவெடுக்க வேண்டும். சீல் உடைக்காத, மாட்டாத யூனிட்டை ஏழு நாளுக்குள் திரும்ப எடுக்கும்படி மொத்த விற்பனையாளர்களிடம் நிர்வாகக் குழு பேச வேண்டும். வர இருக்கும் பொதுக்குழுவில் இதை நாம் எழுப்புவோம். பில்லோடும் ரிப்போர்ட்டோடும் இதே போன்ற அனுபவம் உள்ள உறுப்பினர்கள் அதற்கு முன் சங்க அலுவலகத்தில் நகல் கொடுத்து வைத்தால் பேசுவதற்கு உதவியாக இருக்கும்.