சோடி என்று சொன்னால் போதுமா?

எமது பயிற்சி நிலையக் கணினிக்கு "சோடி" என்று இரண்டு 8 ஜிபி ராம் வாங்கினோம். பூட்டியதிலிருந்து அடிக்கடி நீலத்திரை. ஒரு மாணவி நாள் முழுதும் தட்டச்சிட்ட விண்ணப்பங்கள் அழிந்தன. "சிபியு-இசட்" என்ற இலவச மென்பொருளில் பார்த்தோம். கொள்ளளவு ஒன்றுதான், வேகமும் சில்லுத் தயாரிப்பாளரும் வேறு. இப்படியானால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கும். சிலவேளை ஒத்துப்போகாமல் கணினி நின்றுவிடும்.

"பெண்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்றார் கடைக்காரர். பற்றுச்சீட்டில் "சோடி" என எழுதியிருந்ததைக் காட்டினோம், மாற்றித் தந்தார்.

நீங்களும் எழுதி வாங்குங்கள். கடையிலேயே பூட்டிப் பாருங்கள். மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கேட்பது வெட்கமல்ல, உரிமை.