வீரம் குலச்சொத்தா, குலக்கடனா?

வீரம் குலவழி வருவது என்னும் நம்பிக்கை எந்த நாட்டாரையும் விட்டுவைத்ததில்லை. களத்தில் மடிந்தவன் மகன் களம் நோக்கியே நடப்பான் என்றும், புலிக்குப் பிறந்தது பூனையாகாது என்றும் பெருமிதத்தோடு பேசிக்கொள்கிறோம். ஆனால், குலத்தின் வழியே இறங்கி வருவது வீரந்தானா, அல்லது முன்னோர் தீர்க்காது விட்டுச்சென்ற ஒரு கடனா என்னும் கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் துணிபு. இலக்கியம் கற்பிப்போரும் கற்போரும் அதனைக் கேளாது விடின் வேறு யார் கேட்பர்?

இப்பொருள்பற்றி எண்ணுந்தோறும் நம் நினைவில் முதலில் எழுவது ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டு. புறநானூற்றின் 279ஆம் பாட்டாகிய அது மூதின்முல்லை என்னும் துறையைச் சார்ந்தது. பாட்டிலே வரும் பெண் மூத்த மறக்குடியிற் பிறந்தவள். முன்னொருநாள் நடந்த போரில் அவளுக்கு மூத்தோன் ஒருவன் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான். அவனைத் தந்தையென்பாரும் தமையனென்பாரும் உளர். நேற்று நடந்த போரில் அவள் கணவன் ஆநிரையைக் கவரவிடாது தடுத்து அங்கேயே மாண்டான். இன்று போர்ப்பறை மீண்டும் ஒலிக்கின்றது. அவளுக்கு எஞ்சியிருப்பவன் ஒரே மகன். அவனுக்கு வெள்ளாடை உடுத்தி, உலர்ந்து பறக்கும் குடுமிக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள்.

இப்பாட்டை வகுப்பறையில் நாம் கற்பிக்கும் முறை ஒன்றுண்டு. பழந்தமிழ்த் தாயின் வீரம் பாரீர் என்று வியந்துவிட்டு அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுகிறோம். புலவரோ அவ்வளவு விரைவில் சென்றாரல்லர். அத் தாயின் உள்ளத்தை வைவதுபோலவே அவர் பாட்டைத் தொடங்குகிறார். புகழை வசையின் வாய்பாட்டிற் கூறும் முறை அது என்பர், மறுக்கவில்லை. ஆயினும் நடுங்காத நெஞ்சிலிருந்து அத்தகைய சொல் பிறவாது. பறையொலி கேட்ட தாய்க்கு விருப்பத்தோடு மயக்கத்தையும் அவர் சேர்த்தே சொல்லுகிறார். அம் மயக்கத்தை விளக்காது விட்டால் பாட்டிற் பாதியை விட்டவராவோம்.

பாட்டு மகனை வழியனுப்புவதோடு நின்றுவிடுகிறது. அவன் மீண்டானா? அவன் வழியில் ஒரு பிள்ளை பிறந்ததா? அப்பிள்ளைக்கு யாருடைய பெயரை இட்டார்கள்? புலவர் சொல்லவில்லை. சொல்லாது விட்டதை அறிய விரும்புவோர் அண்மைக்காலத்து வீடொன்றின் வரலாற்றை நோக்கலாம். கடிதங்களும் பதிவேடுகளும் நிறைந்த வீடாதலால் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்ததைத் தொடர்ந்து காண இயலும். 1901 முதல் 1909 வரை ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த தியடோர் ரூஸ்வெல்ற்றின் வீட்டையே கருதுகிறேன்.

இவ்வீட்டின் போர்மரபு தொடங்குமிடம் ஒரு வீரச்செயல் அன்று என்பது கவனிக்கத்தக்கது. ஜனாதிபதியின் தந்தை நியூயோர்க் நகரத்து வணிகர், அறச்செயல்களாற் பெயர்பெற்றவர். 1861இல் தொடங்கி 1865இல் முடிந்த உள்நாட்டுப் போரில் அவர் ஆயுதம் ஏந்தவில்லை. பணம் கொடுத்துத் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பினார். அதற்கு அக்காலச் சட்டம் இடமளித்தது. அவர் மனைவி தென்மாநிலத்தவர். மனைவியின் சகோதரர்கள் எதிர்ப்பக்கத்தில் நின்று போராடினர். மைத்துனர்க்கு எதிரே துப்பாக்கி தூக்க அவர் விரும்பாததில் நாம் பிழைகாண முடியாது. ஆனால் தந்தையைத் தெய்வமாகப் போற்றிய மகனின் நெஞ்சில் அது ஆறாத வடுவாயிற்று என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். ஈழைநோயால் இளமையில் வருந்திய அம்மகன் உடலை வருத்தி உரமாக்கினார். 1898இல் கடற்படைத் துறையில் வகித்த உயர்பதவியைத் துறந்து, தொண்டர் குதிரைப்படை ஒன்றைத் திரட்டிக் கியூபாவுக்குச் சென்று போரிட்டார். தந்தை செலுத்தாத கடனை மகன் செலுத்தினார் என்று சொல்லலாம். கடன் அத்தோடு தீர்ந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

குதிரைகளின் காலம் கழிந்து விமானங்களின் காலம் வந்தது. ரைற் சகோதரர் 1903இல் முதன்முதற் பறந்தனர். 1910 ஒக்ரோபரில் சென் லூயிஸ் நகரில் ரூஸ்வெல்ற் விமானத்தில் ஏறிச் சில நிமிடங்கள் பறந்தார். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்தோருள் முதன்முதல் வானில் ஏறியவர் அவரே. அவரை ஏற்றிச்சென்ற விமானி ஆர்ச் ஹொக்சி அவ்வாண்டின் கடைசி நாளிலேயே விமானம் வீழ்ந்து இறந்தார். பறத்தல் என்பது அன்று அத்தகைய தொழில்.

ரூஸ்வெல்ற்றின் நான்கு ஆண்மக்களுள் இளையவன் குவென்ரின். 1909இல் பிரான்சிலே ரெயிம்ஸ் நகரில் நடந்த விமான விழாவைப் பதினொரு வயதுச் சிறுவனாகக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவன். வானத்தின்மேல் அவன் கொண்ட காதல் அவனுடையதே. அதனை எவரும் அவனுக்கு ஊட்டவில்லை. 1917இல் அமெரிக்கா முதலாம் மகாயுத்தத்தில் இறங்கியபோது அவன் பல்கலைக்கழக மாணவன். பார்வைக் குறையுடையவன், கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துக்களை மனனம் செய்தே தேறினான் என்பர். பிரான்சுக்குச் சென்ற பின்னர் நெடுநாட் பயிற்சித் தளத்திலேயே நிறுத்தப்பட்டான். அப்பொழுது மூத்த சகோதரர்கள் அவனைப் பின்தங்குகிறவன் என்று குறைகூறினர். அவர்களோ காலாட்படையில் முன்னணியில் நின்றவர்கள். ஒருவர் முழங்காலிற் குண்டுச்சிதறல் பாய்ந்து கிடந்தார். அத்தகையோரின் சொல் எவ்வளவு கூர்மையாகப் பாய்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1918 யூன் மாதத்தில் அவன் போர்முனைக்குச் சென்றான். யூலை 10ஆந் திகதி பகைவிமானம் ஒன்றை வீழ்த்தினான். 14ஆந் திகதி அவனே வீழ்த்தப்பட்டான். வயது இருபது. சிறுவனாய் நின்று விமானங்களை அண்ணாந்து பார்த்த இடத்திற்கு வெகுதொலைவு இல்லாத ஒரு சிற்றூரின் வயலில் அவன் உடல் கிடந்தது. ஜேர்மானியர் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தனர். தந்தையார் வெளியே கலங்காது நின்றார், உள்ளே உடைந்தார். ஆறு மாதம் நிறையுமுன், 1919 சனவரி 6ஆந் திகதி, அவரும் மறைந்தார். கழுகாக வளர்த்த பிள்ளைகள் சிட்டுக்குருவியாக வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது என்ற கருத்துப்படத் தாய் ஈடித் கூறினாராம். மாசாத்தியார் கண்ட மூதின் மகள் ஆங்கிலத்திற் பேசினால் இப்படித்தான் பேசியிருப்பாள்.

அவனது நினைவாக லொங் ஐலண்ட் விமானத்தளம் ஒன்றுக்கு ரூஸ்வெல்ற் எனப் பெயரிட்டனர். 1927இல் லின்ட்பேர்க் தனியாளாய்ப் பாரிஸ் நோக்கிப் பறக்க எழுந்தது அங்கிருந்தே. இன்று அவ்விடத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதி இருக்கிறது.

பெயரிடுதல் பற்றிச் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். மகனின் மகனைத் தமிழர் பேரன் என்கிறோம். பெயரன் என்பதன் திரிபு அது. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்பதே பொருள். பெயரைத் தாங்குவதோடு வேறெதனைத் தாங்குகிறான் என்பதை மொழி சொல்வதில்லை. ரூஸ்வெல்ற் குடும்பத்து மூத்த மகன் ரெட், தம்பி இறந்த மறு ஆண்டிற் பிறந்த தம் பிள்ளைக்குக் குவென்ரின் என்றே பெயரிட்டார். அன்பினால் இட்ட பெயர்தான். ஆயினும் தொட்டிலிற் கிடக்கும் குழந்தையின்மேல் ஒரு மாவீரனின் நிழலை விரித்துவிட்டோம் என்பதை அன்பு உணர்வதில்லை.

அப்பிள்ளை இரண்டாம் மகாயுத்தத்தில் தந்தையோடு களம் சென்றது. 1944 யூன் 6ஆந் திகதி நோர்மண்டிக் கரையில் தந்தையும் மகனும் வெவ்வேறு இடங்களில் இறங்கினர். ரெட் ரூஸ்வெல்ற்றுக்கு அப்போது 56 வயது, சேனைத்தலைவர், மூட்டுவாதத்தாற் கைத்தடி ஊன்றி நடந்தவர். முதல் அணியோடு இறங்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்டும் விடாது எழுதிக் கேட்டுப் பெற்றார். படகுகள் குறித்த இடத்தினின்றும் விலகிக் கரைசேர்ந்தபோது, நின்ற இடத்திலிருந்தே போரைத் தொடங்குவோம் என்று தீர்மானித்தவர் அவரே. யூலை 12ஆந் திகதி மாரடைப்பால் இறந்தார். அவர் தம்பியருள் கேர்மிற் 1943இல் அலாஸ்காவிற் சேவையிலிருந்தபோதே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆர்ச்சி நியூகினியாவிற் போரிட்டு, முந்திய போரில் உடைந்த அதே முழங்காலில் மீண்டும் காயமுற்றார். இளைய குவென்ரின் போரிலிருந்து உயிரோடு மீண்டார். 1948 டிசம்பரில் ஹொங்கொங் அருகே பயணிகள் விமானம் ஒன்று மோதி வீழ்ந்தபோது அதில் இறந்தார். பேரனுக்கு முன்னர், அதே ஆண்டு செப்டெம்பரில், பாட்டி ஈடித் கண்மூடிவிட்டார். நான்கு ஆண்மக்களுள் மூவரைப் பறிகொடுத்த அம்மையாருக்கு அந்த ஒரு துயரம் மட்டும் மிச்சமாயிற்று.

இவ்வீட்டாரை இகழ்வதற்காக இதனை எழுதவில்லை. ஒன்றை மனமாரப் போற்றுகிறேன்: பிறர் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தம் பிள்ளைகளை ஒளித்துவைத்தவர்கள் அல்லர் இவர்கள். 1917இல் ஐம்பத்தெட்டு வயதிலும் தாமே படைதிரட்டிச் செல்ல முதியவர் முயன்றார். ஜனாதிபதி வில்சன் இடந்தரவில்லை. மேடையில் நின்று போரை முழங்குவோர்க்கெல்லாம் இந்த ஒரு நேர்மை இருந்திருப்பின் உலகிற் பல போர்கள் தொடங்கியே இரா. ஆதலால் வீரமரபு வெறும் மாயை என்பாரோடு நான் உடன்படேன்.

ஆனால் மரபைச் சோதிக்க இன்னுமோர் உரைகல் உண்டு. அவ்வீட்டிற் பிறந்த ஒருவன் ‘நான் போகவில்லை’ என்று சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து வாழ இடமிருந்ததா? இருந்திருப்பின், போனவன் செய்தது வீரம். இல்லையெனின், அவன் செலுத்தியது கடன்; அதுவும் தான் வாங்காத கடன். பாட்டனார் பதிலாள் அனுப்பியதற்குப் பேரப்பிள்ளைகள் பல ஆண்டுகள் கழித்தும் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. வானத்தை நேசித்த குவென்ரினைப் போர்முனைக்கு விரைவித்தது வானத்தின் அழைப்பா, சகோதரரின் கடிதங்களா? இரண்டுந்தான் என்பது நேர்மையான விடை. அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் ஓய்வை அந்த வீடு அவனுக்கு அளிக்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

இலங்கையில் இலக்கியம் கற்பிப்போர்க்கு இது தொலைநாட்டுச் செய்தி மாத்திரம் அன்று. 2009இல் முடிந்த நெடும்போரின் பின்னர் நம் பாடசாலைகளில், புகைப்படமாக மட்டும் தந்தையையோ தமையனையோ அறிந்த பிள்ளைகள் கற்றிருக்கிறார்கள். காணாமற்போன மகனைத் தேடும் தாய்மார் இன்னும் தேடுகிறார்கள். அவர்கள் நடுவே நின்று மூதின்முல்லையைப் படிக்கும்போது வெறும் வியப்புக்குறியோடு நிறுத்திக்கொள்ள ஓர் ஆசிரியருக்கு உரிமையில்லை. இறந்தோரை மதிக்கக் கற்பிப்பது வேறு. இருப்போர்மேல் அவர்களின் பெயரைச் சுமையாக ஏற்றுவது வேறு. முன்னது நன்றி, பின்னது வசூல்.

1918இல் விழுந்த இடத்திலேயே குவென்ரின் கிடக்கட்டும் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டனர். 1955இல் அவன் உடலை எடுத்து நோர்மண்டி மயானத்தில் அண்ணன் ரெட்டின் அருகே வைத்தார்கள். இரண்டாம் மகாயுத்தத்தின் ஆயிரக்கணக்கான கல்லறைகளின் நடுவே முதலாம் மகாயுத்தத்து வீரன் அவன் ஒருவனே. அங்கே சென்று தலைவணங்குவோர் வணங்குக. வணங்கியபின், அவ்வீட்டின் அடுத்த பிள்ளையை அது விரும்பும் வழியே போகவிடும் துணிவும் ஒரு வீரமென்று நாம் பாடம் சொல்லத் தொடங்குவோமாக. மாசாத்தியார் இன்று இருந்தால் அத் துணிவையும் பாடியிருப்பார் என்றே நம்புகிறேன்.