காட்டை அறிந்தவர் முன்னே நடக்கட்டும்

பாடசாலை விடுமுறை வந்ததும் வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் இரவோடிரவாக வான்கள் புறப்படுகின்றன. நக்கிள்ஸ், எல்ல, சிவனொளிபாதமலை என்று நம் இளையவர்கள் மலையேறப் போகிறார்கள். போன இடத்தில் சீட்டு எடுக்கிறார்கள், வழிகாட்டிக்குக் காசு கொடுக்கிறார்கள், அவர் சொல்லும் மரங்களின் பெயரை ஆவலோடு கேட்டுக்கொள்கிறார்கள். நல்லதுதான். நாட்டைக் கால்நடையாகப் பார்ப்பதைப் போல வேறு படிப்பு இல்லை. ஆனால் கிளிநொச்சிக்குத் திரும்பி வரும் அதே வான் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ9 வீதியில் ஓடும்போது பக்கத்தில் தெரிவதும் காடுதான். அந்தக் காட்டு மரங்களில் ஐந்தின் பெயரைச் சொல்லக்கூடியவர் வானுக்குள் எத்தனை பேர்? பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களை உள்ளே கூட்டிப்போக ஆளில்லை. கூட்டிப்போகத் தெரிந்தவருக்கு அனுமதி இல்லை.

வன்னிக் காட்டில், வழிகாட்டியோடு போய் மாலைக்குள் திரும்பும் ஒரு நாள் நடையை முறையாகத் தொடங்க வேண்டும். முன்னே நடக்கும் வழிகாட்டி அந்தந்தக் காட்டோரக் கிராமத்தவராகவே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம். இரண்டாவது இல்லாத முதலாவது நமக்கு வேண்டாம்.

வன்னியில் பெரிய மலை இல்லை. வெடுக்குநாறி, குருந்தூர் போன்ற சிறு குன்றுகளும், அவற்றைச் சூழ்ந்த உலர்வலயக் காடும்தான் நம் செல்வம். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, யாவறணை, ஆற்றோரமாக மருது. மலைக்காட்டில் உயரத்தில் நின்று கீழே பார்க்கும் காட்சி கிடைக்கும். இங்கே அது கிடைக்காது. இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் காலடியில் கிடக்கிறது.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் பாலைப்பழத்துக்கும் தேனுக்கும் போய்ப் பழகிய ஒரு பெரியவரின் பின்னால் அரை நாள் நடந்தவருக்கு இது தெரியும். காட்டு வாசலில் ஒரு குழை முறித்து ஐயனாருக்கோ பிள்ளையாருக்கோ வைத்துவிட்டுத்தான் அவர் காலெடுத்து வைப்பார். அதற்குப் பிறகு பேச்சுக் குறைந்துவிடும். யானை லத்தியைக் கண்டால் குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு இருந்தால் வந்த வழியே திரும்புவார், காரணம் சொல்லிக்கொண்டு நிற்கமாட்டார். கிளறிக் கிடக்கும் புற்றில் மண் இன்னும் ஈரமாக இருந்தால் கரடி தொலைவில் இல்லை என்பார். பாலைப்பழம் பழுக்கும் ஆனி, ஆடியில் கரடியும் அதே மரத்தைத் தேடி வரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் பழத்தை நாலு வாயில் போட்டதும் உதடு ஒட்டிக்கொள்ளும். பார்த்துச் சிரிப்பார். கிளையை வெட்டி விழுத்திப் பழம் பிடுங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கறுத்துவிடும். வீதியோரத்தில் பை பையாகப் பாலைப்பழம் வாங்கும் நாமும் அந்தக் கோபத்துக்கு உரியவர்கள்தான்.

நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துப் பாருங்கள். பாலமோட்டை, மருதோடை, விளாத்திக்குளம், புளியங்குளம், கரிப்பட்டமுறிப்பு, தண்ணிமுறிப்பு. மோட்டை, ஓடை, மடு, முறிப்பு, குளம் என்று தண்ணீர் நிற்கும் இடத்துக்கும் ஓடும் இடத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மக்கள் இவர்கள். கனகராயன் ஆறு காட்டுக்குள்ளால் வந்துதான் இரணைமடுவை நிரப்புகிறது. காடு எங்கே தண்ணீரைப் பிடித்து எங்கே விடுகிறது என்று நடந்து பார்த்த பிள்ளை, குளத்துக்கு மேலே மரம் தறிப்பதை ஒருபோதும் சின்ன விஷயமாக எண்ணாது. பாடப் புத்தகத்தில் நீரேந்து பிரதேசம் என்ற சொல்லைப் பத்துத் தடவை எழுதினாலும் இது வராது.

இப்படிப்பட்ட அறிவை வைத்திருப்பவர் இன்று சட்டத்தின் கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறார்? 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டப்படி ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றம். மாடு நுழைந்தாலும் குற்றம். காலபோகத்தில் வயலெல்லாம் விதைத்திருக்கும்போது மாட்டை எங்கே சாய்ப்பது என்று தவிக்கும் பட்டிக்காரர், அப்பனும் பாட்டனும் மேய்த்த இடத்தில் இன்று எல்லைக் கல்லைக் கண்டு நிற்கிறார். காட்டைக் காப்பது வனவளத் திணைக்களத்தின் கடமை. அதை நாம் மறுக்கவில்லை. போர் முடிந்த பின்னர் முதிரையும் பாலையும் இரவில் லொறி ஏறிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேன் எடுக்கப் போனவரையும் மரம் கடத்தியவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் காவலால் காடு காக்கப்படுவதில்லை. காட்டைப் பற்றிச் சொல்லக்கூடிய வாய்தான் அடைக்கப்படுகிறது.

இதே வனவளத் திணைக்களம் சிங்கராஜவில் என்ன செய்கிறது? 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட காடு அது. அங்கே வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. அந்த வழிகாட்டிகளில் பலர் காட்டோரக் கிராமத்து இளைஞர்கள். காட்டை நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பறவையின் பெயரும் செடியின் பெயரும் சொல்லிக்கொடுத்து, காட்டைக் காட்டியே வாழ வழி செய்தது அரசு. காடு அழியவில்லை. தெற்கில் சரியாக வந்த ஒன்று வடக்கில் ஏன் சரிவராது? திணைக்களம் இதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

தேசிய பூங்கா என்றால் நடக்க விடமுடியாது என்றும் சொல்வார்கள். வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது என்பதுதான் யாலவின் விதி. அந்த யாலவிலும் குமணவிலும் ஆண்டுதோறும் கதிர்காமப் பாதயாத்திரைக்காகக் காட்டுப்பாதை திறக்கப்படுகிறது. உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு ஆயிரக்கணக்கானோர், கைக்குழந்தையோடு தாய்மாரும் தடியூன்றிய முதியவர்களும், நாட்கணக்கில் அந்தக் காட்டில் நடக்கிறார்கள். செல்வச்சந்நிதியில் தொடங்கி வற்றாப்பளை கண்ணகி அம்மனைத் தரிசித்து நம் முல்லைத்தீவு வழியாகவே போகும் யாத்திரை அது. யானையும் கரடியும் சிறுத்தையும் உள்ள காட்டில் அத்தனை பேரை நடத்திச் செல்ல முடிந்த நாட்டில், பதினைந்து பேரை ஒரு பகல் நடத்த முடியாது என்றால் யார் நம்புவது?

வெடுக்குநாறிமலையைச் சொல்லாமல் இந்தத் தலையங்கத்தை எழுத முடியாது. வவுனியா வடக்கில், காட்டுக்குள் நடந்து போய்ப் பாறையேறி ஆதிலிங்கேஸ்வரரை வழிபடுவது ஊரவரின் நெடுநாள் வழக்கம். வன்னியில் மலைக்காட்டு நடை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். அந்தப் பாறையில் ஏற ஊரவர் பொருத்திய ஏணி பிரச்சினையாக்கப்பட்டது. 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைக்கப்பட்டிருக்கக் கண்டோம். 2024 மார்ச் 8ஆம் திகதி, மகா சிவராத்திரி இரவில், வழிபட வந்தவர்களில் எட்டுப் பேர் கைது செய்யப்பட்டனர். பதினொரு நாள் கழித்து வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தன் ஊர்க் குன்றுக்கு நடந்து போனவர் சிறைக்குப் போக நேர்ந்த இடத்தில், வெளியூர்ப் பயணிக்குப் பாதை போடுவது பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஊரவரின் காலடிப் பாதைக்கு முதலில் உரிமை வேண்டும். பயணி அவர்களுக்குப் பின்னால் வரட்டும்.

ஆபத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை மறக்க முடியாது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்த இளையவர்கள், இறங்கும் வழியில் காய்ந்த புல்லில் பற்றிய தீயில் அகப்பட்டார்கள். தப்ப ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். 23 உயிர்கள் போயின. அனுமதி எந்தப் பாதைக்கு இருந்தது, அவர்கள் போனது எந்தப் பாதை என்பதே பின்னர் பெரிய கேள்வியாயிற்று. அன்றைய செய்தியைப் படித்த எந்தப் பெற்றோரும் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பத் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். ஆனால் தமிழ்நாடு அதோடு காட்டை இழுத்து மூடிவிடவில்லை. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென விதிகள் வந்தன. 2024 ஒக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசே திறந்தது. அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டார்கள். தீ பரவும் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. நமக்கும் சோளகம் அடிக்கும் காலத்தில் காடு சருகாகக் கிடக்கும். அப்போது ஒரு பீடித் துண்டு போதும். அந்த மாதங்களில் நடையே கூடாது என்று தொடக்கத்திலேயே விதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இல்லாத இன்னொரு ஆபத்து நமக்கு உண்டு, மிதிவெடி. மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. 2028 ஜூன் மாதத்துக்குள் நாடு முழுவதையும் துப்புரவாக்க வேண்டும் என்பது அதன் கெடு. அதுவரை, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் காட்டுப்பக்கம் யாரும் போகக்கூடாது. பலகை இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பாதையைத் திறந்துவிடவும் கூடாது. தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையம் எழுத்தில் உறுதி தந்த பாதை ஒன்றே போதும், அதிலிருந்து தொடங்கலாம்.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கிறோம். வெடியகற்றும் பணியில் நம் பெண்கள் பலர் ஆண்டுக்கணக்காக முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி வேலை செய்திருக்கிறார்கள். கணவனைப் போரில் இழந்து, குடும்பத்தைத் தனியே தாங்கியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். வெடி தீரும் நாளில் அவர்களின் சம்பளமும் தீரும். அவசரப்படாமல் நடக்கவும், கண்ணால் மண்ணைப் படிக்கவும், சொன்ன கட்டளையை மீறாதிருக்கவும் பழகியவர்களைவிட நல்ல வழிகாட்டி யார்? முதலுதவியும் அவர்களுக்குப் பழக்கமானது. காட்டின் மரத்தையும் மிருகத்தையும் பற்றிப் பெரியவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் சேர்ந்தால் ஆறு மாதப் பயிற்சி ஒன்றை நடத்த முடியும். அங்கே பெரியவர்களையும் கதிரையில் இருத்தி ஆசிரியர் என்றே அழைக்க வேண்டும், அவர்களுக்கு வேதனமும் கொடுக்க வேண்டும்.

நடை தொடங்கினால் பின்னாலேயே போத்தலும் பொலித்தீனும் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நகரத்து முதலாளி ஒருவர் குளத்தடியில் விடுதி கட்டிக்கொண்டு, ஊரவரை வாசலில் காவலுக்கு வைத்துவிடுவார் என்ற பயத்தில் இன்னும் கூடுதலான நியாயம் இருக்கிறது. அதனால்தான் வழிகாட்டியையும் ஊரையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறோம். சீட்டுக் காசில் ஒரு பங்கு நேராகக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் போக வேண்டும். மதியச் சாப்பாடு அந்த ஊர் வீட்டு அடுப்பில் வேக வேண்டும். ஒலிபெருக்கியும் மதுவும் நெருப்பும் காட்டுக்குள் போகவே கூடாது. ஒரு நாளைக்கு ஒரு குழுவுக்கு மேல் ஒரு பாதையில் விடக்கூடாது. யானை நடமாட்டம் என்று வழிகாட்டி சொன்னால் பயணம் அந்த இடத்தில் முடிய வேண்டும், காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் சரி. மரம் கடத்துகிறவனுக்கும் வாரந்தோறும் மனிதர் நடக்கும் பாதை பிடிக்காது. காவலுக்கு ஆள் போதாது என்று சொல்லும் திணைக்களத்துக்கு இது செலவில்லாத உதவி.

வட மாகாண சுற்றுலாப் பணியகம், வனவளத் திணைக்களம், மாவட்டச் செயலகங்கள் என்று எல்லோருமே ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது. பெரிய நிதி தேவையில்லை. பாதை ஏற்கனவே இருக்கிறது, மாடும் மனிதரும் யானையும் போட்ட பாதை. தேவைப்படுவது ஒரு அனுமதிக் கடிதமும், அதில் ஊரவரின் பெயரும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டில், அயலில், காட்டை நடந்தே அறிந்த ஒரு அப்பப்பாவோ அம்மப்பாவோ இருந்தால், வரும் விடுமுறைக்கு நக்கிள்ஸ் போகுமுன் ஒரு மாலை அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மோட்டையில் ஆடி வரை தண்ணீர் நின்றது, எந்தப் பாலைமரத்தடியில் படுத்து எழுந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது.